துரை பங்களா வராந்தாவைப் பலகையில் கட்டி உருவப்படம் எடுப்பது பற்றி

கித்தாக்காடு (சுங்கை சிப்புட், மலேசியா) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மரத்தில் பால் வெட்டிப் பிழைத்து, இப்போது டவுனை ஒட்டிய வீடமைப்புப் பகுதிகளில் பிள்ளைகளோடு இருக்கும் எங்கள் முதியவர்களை ஒவ்வொருவராக அமர்த்தி உருவப்படம் எடுக்க ஏற்பாடு செய்துவருகிறேன். அவர்கள் வெட்டிய கித்தா (ரப்பர்) மரங்கள் எப்போதோ சாய்க்கப்பட்டு, அந்த நிலம் முழுவதும் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆகிவிட்டது. தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் ஒரு வரிசை மட்டும் கூரையில்லாமல் நிற்கிறது. அதனால், வேண்டிய இடத்தைப் பலகையாலும் துணியாலும் அட்டையாலும் நாமே கட்டி, அதற்குள் அவர்களை அமர்த்திப் படம் எடுப்பதுதான் பொருத்தம் என்று முடிவு செய்தேன். கோயில் நிர்வாகத்தினர் மண்டபத்தைத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு செட்டுகள் மனத்தில் இருக்கின்றன. ஒன்று, விடியற்காலைக் கித்தாக்காட்டு நிரை, அதாவது ஒருவர் பால் வெட்டும் மர வரிசை. மற்றது, தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களா முன்வராந்தா. வராந்தாவைக் கேட்டவர் என் பாட்டி. பங்களாவைக் கூட்டிப் பெருக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவர். பின்கட்டு வழியாக நுழைந்து, பின்கட்டு வழியாகவே திரும்பியவர். எங்கே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள விருப்பம் என்று கேட்டதும், சற்றும் யோசிக்காமல், “துரை காலை நீட்டிக்கிட்டுப் பேப்பர் படிப்பாரே, அந்தப் பெரம்பு நாற்காலியில” என்றார்.

எல்லாம் லென்ஸுக்கு முன்னால், ஷட்டர் மூடுவதற்குள் நடந்து முடிய வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் ஒரே விதி. பிறகு கணினியில் வெட்டி ஒட்டப்போவதில்லை. உங்களிடம் கேட்க வேண்டியவை மூன்று. மண்டபத்தில் பின்னோக்கி அதிக இடமில்லை. அதற்குள் நீண்ட வராந்தாவைக் காட்டுவது எப்படி? பால்வெட்டுக்காரராக இருந்து மண்டோரான (மேற்பார்வையாளரான) ஒரு பெரியவர் தம்மை இரண்டு கோலத்திலும் ஒரே படத்தில் பார்க்க விரும்புகிறார். அதற்கு என்ன வழி? இறந்துபோன தம் கணவரோடு அமர்ந்திருப்பதுபோல் படம் வேண்டும் என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பதோ அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு சிறு படம் மட்டுமே. இதைக் கணினியில்லாமல் செய்ய முடியுமா?

*

நிழற்கூடம் (ஈப்போ) எழுதியது:

தம்பி, உங்கள் பாட்டிக்கு எது வேண்டும் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. நான் ஈப்போவில் ஒரு ஸ்டூடியோவில் பின்திரை வரைபவருக்கு உதவியாளாகச் சேர்ந்து, அந்தத் தொழில் ஓயும்வரை அதிலேயே இருந்தவன். சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையிலும் தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். தூண், படிக்கட்டு, ஏரி, ரோஜாச் செடி, மேசைமேல் ஒரு ரேடியோ ஆகியவைதான் அவர்கள் விரும்பிக் கேட்டவை. பின்னால் கித்தா மரம் வரையச் சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. 1948இல் இன்றைய மாலி நாட்டின் பமாகோ நகரில் ஸ்டூடியோ திறந்த செய்டு கெய்தா, தம் படுக்கை விரிப்பையே பின்திரையாகத் தொங்கவிட்டு, வந்தவர்களுக்கு ரேடியோவும் கைக்கடிகாரமும் பிற பொருள்களும் கொடுத்து எடுத்த படங்கள் இன்று உலகப் புகழ் பெற்றவை.

இனி வராந்தாவுக்கு வருவோம். ஒற்றை லென்ஸ் ஆழத்தை அளப்பதில்லை; பின்னால் இருப்பது எவ்வளவு சிறுத்துத் தெரிகிறது என்பதைக் கொண்டே பார்ப்பவர் தூரத்தைக் கணிக்கிறார். ஆகவே முதலில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, அதன் இடத்தையும் உயரத்தையும் முடிவு செய்துவிட்டு, பிறகுதான் பலகையில் ரம்பத்தை வைக்க வேண்டும். லென்ஸ் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், முதல் தூண் கேமராவிலிருந்து 3 மீட்டரில் 2.4 மீட்டர் உயரமாக நிற்பதாகவும் கொள்ளுங்கள். கடைசித் தூண் 6 மீட்டரில் இருப்பதுபோல் தெரிய வேண்டும். ஆனால் 4 மீட்டருக்குமேல் உங்களுக்கு இடமில்லை. அப்படியானால் அந்தத் தூணின் உயரம் 1.6 மீட்டர். அதன் அடி தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் மேலே ஏறியிருக்க வேண்டும், உச்சி 2 மீட்டரில் முடிய வேண்டும். ஆகவே ஒரு மீட்டர் தொலைவுக்குள் தரை 40 சென்டிமீட்டர் ஏறும். மேற்கூரையும் அதே அளவு இறங்கும். சாய்வான மேடை ஒன்றும் சாய்வான கூரைப்பலகை ஒன்றும் செய்தால் போதும்.

பெரும்பாலோர் இடைத்தூண்களில்தான் தவறுகிறார்கள். ஒரு மீட்டரை மூன்று சம பாகங்களாகப் பிரித்து நட்டால் வராந்தா வளைந்ததுபோல் தெரியும். முதல் இடைவெளி 43 சென்டிமீட்டர், அடுத்தது 32, அதற்கடுத்தது 25 என்று குறுகிக்கொண்டே போக வேண்டும். தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் வரைந்தால் அதற்கும் இதே கணக்குத்தான். 35 மில்லிமீட்டர் லென்ஸும் முழுச்சட்டக் கேமராவும் இருந்தால், லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப்/16இல் ஏறக்குறைய 2.6 மீட்டரில் ஃபோகஸ் வையுங்கள், 1.3 மீட்டரிலிருந்து கடைசித் தூண்வரை எல்லாம் தெளிவாக விழும். பாட்டியின் நாற்காலி முதல் தூணுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். அவர் எழுந்து கடைசித் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றால் தூணின் உயரத்துக்கே வந்துவிடுவார்.

தூணுக்குத் துணிக்கடைகளில் வீசப்படும் கனமான அட்டைக் குழாய்களைக் கேட்டு வாங்குங்கள். தொலைவில் உள்ள தூண்களுக்குப் பூசும் வண்ணத்தில் சிறிது வெள்ளையும் ஒரு துளி நீலமும் கலந்தால் தூரம் இன்னும் கூடும்.

*

லயத்துப்பிள்ளை (பீடோர்) எழுதியது:

வராந்தாவைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. முதல் செட்டைப் பற்றித்தான் கேட்க விரும்புகிறேன். என் அம்மா, இருட்டில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போய், கொசுக்கடியோடு நிரை முழுவதையும் வெட்டி முடித்து, வெயில் ஏறிய பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பியவர். வேலையை விட்ட அன்றே அந்த உடுப்பை அடுப்பில் போட்டு எரித்தார். அப்படிப்பட்டவர்களை மறுபடியும் அந்த உடுப்பில், அட்டையில் செய்த மரத்துக்கு முன்னால் நிறுத்துவது யாருக்காக? ஈப்போ ஐயா எழுதியதையே திரும்பப் படியுங்கள்: ஸ்டூடியோவுக்குப் போன நம் மக்கள் கித்தா மரத்தைக் கேட்கவில்லை. நினைவேக்கம் பேரப்பிள்ளைகளுக்கு இருக்கிறது; அதற்கு வேடம் போட வேண்டியவர்கள் பாட்டிகளா?

தோட்டத்தொழிலாளரை அமர்த்திப் படம் எடுக்கும் வழக்கத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். புராணக் காட்சிகளையும் காவியக் காட்சிகளையும் தம் வீட்டாரையும் பணிப்பெண்களையும் கொண்டு அமைத்துப் படமெடுத்த ஜூலியா மார்கரெட் கேமரன், 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அவர்களுக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்த ஊர் மக்களையும் தோட்டத்தில் உழைத்தவர்களையும் அவர் படம் எடுத்தார். 1879இல் இலங்கையிலேயே காலமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர் டென்னிசன், அறிவியலாளர்கள் டார்வின், ஹெர்ஷல் ஆகியோரின் படங்கள் பெயரோடு நிலைத்திருக்கின்றன. இலங்கையில் அமர்ந்தவர்களில் பலருக்குப் படத்தின் தலைப்பில்கூடப் பெயர் இல்லை. அந்த முகங்களை நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். ஒளி அற்புதமாக விழுந்திருக்கிறது, ஆனால் அவர்கள் யார் என்று கேட்க வழியில்லை.

செட் எதுவாக இருந்தாலும், அதை யார் தேர்ந்தெடுத்தார் என்பதும், படத்தின் கீழே யாருடைய பெயர் நிற்கும் என்பதும் முதலில் முடிவாக வேண்டும். தூண்களின் அளவு அதற்குப் பிறகு.

*

கித்தாக்காடு எழுதியது:

அக்கா, உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நிரை செட்டை நான் எல்லாருக்குமாக வைக்கவில்லை. கேட்பவருக்கு மட்டும் கட்டப்படும். இதுவரை அதைக் கேட்டவர் மண்டோர் தாத்தா ஒருவர்தான். அவர் கேட்ட காரணம் ஏக்கம் அன்று. வெட்டில் அவருக்கு இருந்த கைத்திறன். பட்டையை மெல்லிய சீவலாக எடுத்து, உள்ளே இருக்கும் வளர்திசுவைக் கத்தி தொடாமல் வெட்டுவதற்கு எவ்வளவு பழகிய கை வேண்டும் என்பதை, சமையலறையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து வந்து, மேசைக்காலில் பிடித்துக் காட்டினார். காயம்பட்ட மரம் புடைத்துப் போகும், அடுத்த முறை அந்த இடத்தில் வெட்ட முடியாது என்றார். தம் நிரையில் புடைத்த மரம் இருந்ததில்லை என்று அவர் சொன்னபோது, படத்தில் அந்தக் கை வந்தாக வேண்டும் என்று எனக்குப் பட்டது.

நான் வரைந்து வைத்திருந்த மாதிரிப் படத்தைப் பார்த்துவிட்டு அவர் முதலில் திருத்தியது வெட்டின் திசையைத்தான். மரத்தைப் பார்த்து நிற்பவருக்கு வெட்டு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து இறங்க வேண்டும். பட்டைக்குள் இருக்கும் பால்நாளங்கள் நேர்க்குத்தாக ஏறாமல் வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து சுற்றி ஏறுவதால், அந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகமான நாளங்கள் அறுபடும். வெட்டின் கீழ்முனையில் தகரத் தூம்பு, அதற்குக் கீழே கம்பியில் மாட்டிய மங்கு (பால் சேரும் கிண்ணம்), பழைய வெட்டுகள் ஆறிய இடத்தில் வழவழப்பான புதுப்பட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். மரத்தூளை வெள்ளைப் பசையில் குழைத்து, மரமாக நிறுத்தும் அட்டைக் குழாய்மேல் அப்பி, காய்வதற்குள் அவரையே கத்தியால் வெட்டைப் போடச் சொல்வதாக இருக்கிறேன்.

பெயர் விஷயத்தில் நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். படத்தின் கீழே அமர்ந்தவரின் பெயரும், செட்டைத் தேர்ந்தெடுத்தவர் அவரே என்பதும் எழுதப்படும்.

*

இருட்டறை (கூலாய்) எழுதியது:

மண்டோர் தாத்தாவை இருமுறை காட்டுவதற்கு, லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டையை வைத்துச் சட்டத்தில் ஒரு பாதியை மறைத்து ஒரு பதிவு, பிறகு அட்டையை மறுபாதிக்கு மாற்றி இன்னொரு பதிவு என்று எடுக்கலாம். மறைக்கப்பட்ட பாதியில் ஒளி விழாததால், ஒவ்வொரு பாதிக்கும் முழு ஒளியளவே கொடுக்க வேண்டும், பாதியாகக் குறைக்கக் கூடாது. நிக்கான் எஃப்எம்2 போன்ற ஃபிலிம் கேமராவில், ஃபிலிமை நகர்த்தாமல் ஷட்டரை மட்டும் மறுபடி தயார் செய்வதற்கென்றே ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. டிஜிட்டல் கேமராவில் பன்முறைப் பதிவு வசதி இருந்தால், சராசரி எடுக்கும் முறையை விட்டுவிட்டு ஒளியைக் கூட்டும் முறையைத் தேர்ந்தெடுங்கள். சராசரியில் போட்டால் இரண்டு பாதிகளும் இருண்டுவிடும்.

இணைப்புக்கோடுதான் இதில் கடினமான பகுதி. அட்டையின் விளிம்பு லென்ஸுக்கு நெருக்கமாக இருந்தால் கோடு அகலமாகவும் மென்மையாகவும் கரையும். எட்டி இருந்தால் கூர்மையாக விழும். துளையைச் சிறிதாக்கினாலும் கோடு கூர்மையாகும். செட்டில் ஆழம் வேண்டும் என்பதற்காக எஃப்/16க்குப் போனால், கோட்டை மறைப்பது அந்த அளவுக்குக் கடினமாகும். இரண்டு தேவைகளும் ஒன்றோடொன்று மோதும். ஆகவே அட்டையை லென்ஸை ஒட்டியே பொருத்தி, கோடு விழும் இடத்தில் இருண்ட நிறமுள்ள ஒரு மரத்தை நட்டுவிடுங்கள். இரண்டு பாதிகளும் சிறிது மேற்படிந்தால் வெளிச்சக் கோடும், இடைவெளி விட்டால் கறுப்புக் கோடும் வரும்; மரம் இரண்டையும் விழுங்கிவிடும்.

எல்லாம் எழுதிவிட்டேன். ஆனாலும் ஒரு கேள்வியை மறைக்க விரும்பவில்லை. இவ்வளவையும் கணினியில் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் துரை பங்களாவையே கண்முன் கொண்டுவந்து நிறுத்தும். முடிவில் சுவரில் தொங்கப்போவது ஒரே மாதிரியான படம்தானே? பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாத இடத்தில், முதியவர்களை இவ்வளவு நேரம் உட்காரவைப்பதற்கு என்ன காரணம்?

*

லயத்துப்பிள்ளை எழுதியது:

தம்பி, இதற்கு நானே பதில் எழுத விரும்புகிறேன். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம், அமர்பவருக்குத் தெரியும். கணினியில் செய்தால், அந்தப் பாட்டி வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்பார், பிறகு யாரோ அவரை வராந்தாவில் ஒட்டுவார்கள். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. பலகையால் ஆனதாக இருந்தாலும், பேரன் கட்டிய வராந்தாவில் அவர் ஏறுகிறார், நாற்காலியைத் தம் வசதிக்குத் திருப்பிப் போடச் சொல்கிறார், காலை நீட்டுவதா மடக்குவதா என்று முடிவு செய்கிறார். முகத்தில் வரும் உணர்ச்சி அந்த முடிவுகளிலிருந்து வருகிறது. எதிரே எதுவும் இல்லாமல் நின்றவரின் முகத்துக்குப் பின்னால் எந்த மாளிகையை வைத்தாலும், அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் இருக்கும்.

அரங்கம் அமைத்து எடுத்த படம் என்பதால் அது பொய்யாகிவிடாது என்பதற்குப் புகைப்படக்கலையின் தொடக்கத்திலேயே சான்று இருக்கிறது. புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட மறு ஆண்டே, 1840இல், பிரான்சில் இப்போலித் பயார் என்பவர் தம்மை நீரில் மூழ்கி இறந்தவராகக் காட்டித் தாமே அமர்ந்து ஒரு படம் எடுத்தார். தாம் கண்டுபிடித்த புகைப்பட முறைக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்ற மனக்குறையைத்தான் அந்தப் பிணக்கோலத்தில் சொன்னார். அந்தக் குறை உண்மையானது. நம் நாட்களுக்கு வந்தால், பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா, 2000 முதல் 2004 வரை, தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய பழைய ஓவியங்கள், காலனியக் காலத்தில் மக்களின் உடலை அளவெடுத்த படங்கள் முதலியவற்றைச் செட் போட்டு, தாமே அவற்றுக்குள் நின்று மறுபடி எடுத்தார். அளவெடுக்கப்பட்ட பெண்ணின் இடத்தில் கலைஞரே வந்து நிற்கும்போது, அளவெடுத்தவரின் பார்வை தானாக வெளிப்பட்டுவிடுகிறது. கித்தாக்காடு தம்பியின் பாட்டி பெரம்பு நாற்காலியில் உட்காரும்போதும் அப்படி ஒன்று நடக்கும் என்றே நம்புகிறேன்.

*

கண்ணாடிச்சட்டம் (தாப்பா) எழுதியது:

கணவரோடு அமர விரும்பும் அம்மாவுக்கு வழி இருக்கிறது. 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் ஆவியைக் காட்டிய அதே முறைதான். கேமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை 45 பாகையில் சாய்வாக நிறுத்துங்கள். கேமரா கண்ணாடியை ஊடுருவி அந்த அம்மாவையும் பக்கத்திலுள்ள காலி நாற்காலியையும் பார்க்கும். பக்கவாட்டில், கேமராவின் பார்வைக்கு வெளியே, கணவரின் பெரிதாக்கிய படத்தைக் கறுப்புத் துணியில் ஏற்றி வையுங்கள். காலி நாற்காலி கண்ணாடியிலிருந்து எவ்வளவு தூரமோ, அந்தப் படமும் அவ்வளவு தூரத்தில் இருந்தால், பிம்பம் சரியாக நாற்காலியில் வந்து அமரும்.

சாதாரணக் கண்ணாடி அந்தச் சாய்வில் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பும். எனவே அந்த அம்மாவின்மேல் விழும் வெளிச்சத்தைவிடப் பல மடங்கு வெளிச்சத்தைக் கணவரின் படத்தின்மேல் பாய்ச்ச வேண்டும்; நாற்காலிக்குப் பின்னால் இருப்பது இருட்டாக இருக்க வேண்டும். கண்ணாடிக்கு இரண்டு முகங்கள் இருப்பதால் பிம்பமும் இரட்டையாக விழும். தடிப்புக் குறைந்த 3 மில்லிமீட்டர் கண்ணாடியில் அது எளிதில் கண்ணுக்குப் படாத அளவுக்கு நெருங்கிவிடும். கேமராவை ஒட்டி வைத்தால் 60 சென்டிமீட்டர் சதுரமே போதும். விளிம்புகளை மரச்சட்டத்தில் அடைத்துவிடுங்கள், முதியவர்கள் நடமாடும் இடம். பிம்பம் இடவலம் மாறும் என்பதால் படத்தைத் திருப்பி அச்சிட வேண்டும். அவர் வலப்பக்கம் வகிடு எடுத்தவராக இருந்தால் மனைவி உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இதில் மனச்சாட்சி சம்பந்தப்பட்ட ஒன்றும் உண்டு. 1860களில் அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்பவர், இறந்தவரின் ஆவி தானாகவே படத்தில் வந்து விழுகிறது என்று சொல்லித் துயரத்தில் இருந்தவர்களிடம் பணம் பெற்றார். 1869இல் வழக்கும் நடந்தது, அதில் விடுவிக்கப்பட்டார். ஆகவே கண்ணாடியை எங்கே வைக்கிறீர்கள், விளக்கு எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் அந்த அம்மாவை எழுந்து வரச்செய்து, கேமராவின் கண்வழியாகப் பார்க்கவைத்த பிறகே படத்தை எடுங்கள். இந்த முறைக்கு இருக்கும் பெரிய சிறப்பே அதுதான்: ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே கணவர் நாற்காலியில் இருப்பதை அவர் தம் கண்ணால் பார்க்கலாம்.

*

இருட்டறை எழுதியது:

அக்காவின் பதிலை ஏற்றுக்கொள்கிறேன். கண்ணாடி அண்ணன் கடைசியாகச் சொன்னது என் கேள்விக்கு இன்னொரு விடை.

நிரை செட்டில் விடியற்காலைப் பனிக்குச் சாம்பிராணிப் புகை போடலாம் என்று எண்ணியிருந்தால் வேண்டாம். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் வருவார்கள். முதல் மர வரிசைக்கும் இரண்டாவது வரிசைக்கும் இடையே வெள்ளைக் கொசுவலையை இழுத்துக் கட்டி, பக்கவாட்டிலிருந்து மெல்லிய வெளிச்சம் கொடுத்தால், பின்னால் இருக்கும் மரங்கள் பனிக்குள் போய்விடும். வலையில் சுருக்கம் இருக்கக் கூடாது. மண்டோர் தாத்தாவின் தலைக்குமேல் வெயில்போல் ஒளி வேண்டாம். அந்த நேரத்தில் தோட்டத்தில் இருந்த வெளிச்சம் நெற்றி விளக்கு ஒன்றுதான். உண்மையான நெற்றி விளக்கையே கட்டி, மரத்திலும் கையிலும் விழும் அதன் ஒளிக்கு ஏற்ப மற்ற விளக்குகளைத் தணியுங்கள்.

*

நிழற்கூடம் எழுதியது:

வராந்தாவின் வெளிச்சத்தைப் பற்றி ஒன்று விடுபட்டுவிட்டது. கைப்பிடிக் கம்பிகளின் நிழல் தரையில் விழுந்தால் வராந்தாவுக்கு உயிர் வரும். ஆனால் விளக்கைப் பக்கத்தில் வைத்தால் நிழல்கள் விசிறிபோல் விரிந்து, வெயில் இல்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். மண்டபத்தின் பக்கக் கதவைத் திறந்து, ஃபிளாஷை வெளியே முடிந்த அளவு தள்ளி வைத்தால் நிழல்கள் இணையாக விழும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும் என்பதால், திறன் கூடிய ஃபிளாஷ் தேவைப்படும்.

பின்திரைக்கு வெளுக்காத காடாத் துணியே நல்லது. நாங்கள் வச்சிரப் பசை காய்ச்சிப் பூசுவோம். இந்த ஈரப்பதத்தில் அது பூஞ்சணத்தை அழைத்துவரும். நீர் கலந்த எமல்ஷனை முதற்பூச்சாகக் கொடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு வரையுங்கள். மடித்து வைக்காதீர்கள், குழாயில் சுருட்டுங்கள், சிமெண்டுச் சுவரில் சாய்க்காதீர்கள். லென்ஸுகளையும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும். மழைக்காலத்தில் மண்டபத்தில் விட்டுப் போனால் உள்ளே பூஞ்சணம் படரும்.

*

லயத்துப்பிள்ளை எழுதியது:

இந்த இழையை நேற்றிரவு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தமக்கும் ஒரு படம் வேண்டும் என்றார். கித்தா மரம் வேண்டாம், வராந்தாவும் வேண்டாம். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு நடக்கும் ஆபீஸ் அறை வேண்டுமாம். கிராணியின் (எழுத்தரின்) மேசைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும், வருகையும் கூலியும் பதியும் செக்ரோல் புத்தகம் திறந்திருக்க வேண்டும், கையில் பேனா இருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்து நிற்க வேண்டும். உடுத்துவதற்குப் பட்டுப்புடவையைத் தாமே எடுத்து வைத்துவிட்டார். பீடோரிலிருந்து அழைத்து வருகிறேன், கட்ட முடியுமா?

*

கித்தாக்காடு எழுதியது:

கட்டுவோம் அக்கா. ஐயா, வராந்தாவின் பின்பலகையைத் திருப்பிப் போட்டால் ஆபீஸ் சுவராகிவிடும் என்று நினைக்கிறேன். துரை தூரத்தில் நிற்பதாகத் தெரிய வேண்டுமா, பக்கத்திலா?

*

நிழற்கூடம் எழுதியது:

தூரத்தில் நிற்கட்டும். இங்கே பலகைக் கணக்குக்கூடத் தேவையில்லை. அம்மாவின் மேசையைக் கேமராவிலிருந்து 2 மீட்டரில் போடுங்கள். துரையாக வருபவரை மண்டபத்தின் பின்கதவுக்கு வெளியே 6 மீட்டரில் நிறுத்துங்கள். லென்ஸ் அம்மாவின் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். வாசற்சட்டத்தை 4.5 மீட்டரில் தனியாக நிறுத்தி, வழக்கத்தைவிட உயரமாக வெட்டினால், அதற்குள் நிற்பவர் இன்னும் சிறுத்துத் தெரிவார். மேசைமேல் சன்னல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும், வலக்கையால் எழுதுபவரென்றால் பேனாவின் நிழல் எழுத்தை மறைக்காது. பழைய ஸ்டூடியோப் பொருள்களில் ஒரு காக்கித் தொப்பி என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன். துரையாக நிற்பவரின் உயரத்தை மட்டும் முன்கூட்டியே எழுதுங்கள், சட்டத்தை அதற்கேற்ப வெட்டிவிடலாம்.